கூடையை இறக்க ஒரு கை

சவுக்குக் கட்டைகள் பாதியும் தம் சரீரக் கனம் பாதியுமாக இந்த மேடையைச் சாயவிடாமல் காத்து, நடுநாயகமாக வீற்றிருக்கும் தோட்டக் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் ஐயா அவர்களே, என்னைப் பேச அழைத்த கணத்திலிருந்தே அழைத்ததற்காக வருந்திக்கொண்டிருக்கும் எங்கள் பள்ளிக்கூட அதிபர் இராசரத்தினம் சேர் அவர்களே, கழுவியும் கறை போகாத விரல்களோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தாய்மாருக்குப் பின்னால் மறைந்து நின்று பீடி பற்றவைக்கும் தந்தைமார்களே, நான் எப்போது உளறுவேன் என்று காத்திருக்கும் என் அருமை நண்பர்களே, நான் உளறினாலும் ஊரெல்லாம் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டிய மூக்கன் அண்ணன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த டயகம மலைக் குளிரிலும் ஆறாத என் சூடான வணக்கம்.

வாசகசாலை ஆண்டு விழாவிலே நிரஞ்சனாகிய எனக்கு வழங்கப்பட்டிருக்கும் தலைப்பு 'தேயிலையின் பெருமை'. நல்ல தலைப்பு. சென்ற வருடமும் இதே தலைப்பு. அதற்கு முந்திய வருடமும் இதே தலைப்பு. பெருமை எல்லாம் தேயிலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, பெரியோர்களே. இலைக்கு இருக்கும் பெருமையிலே எள்ளளவாவது அதைப் பறிக்கும் தலைக்கு உண்டா? ஆகவே இன்றைக்கு இலையை விடுகிறேன். தலையைத் தொடுகிறேன்.

தலைவர் ஐயா, உங்கள் தலையை அல்ல. பயப்படாதீர்கள்.

பழைய பிள்ளைக் காம்பராவிலே ஒரு கருவி இருக்கிறது. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன அந்த அறையிலே, இப்போது ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு நாற்காலி, நாற்காலிக்குப் பக்கத்திலே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனநல ஆற்றுப்படுத்துநர் குணபூசணி மிஸ். கடல் பொங்கிக் கரையை அள்ளிய பிறகு வெளிநாட்டுத் தொண்டர்கள் கொண்டுவந்த கருவி அது. கரையிலே பயன்பட்டது போக, மலையிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்கு ஞாபகம் வந்து, இங்கே அனுப்பி வைத்தார்கள். அந்தக் கருவிக்கு நம் தோட்டம் சூட்டிய திருநாமம் என்ன? சொல்லுங்கள். லயத்து வரிசை வீடுகளின் குழாயடியிலே கூவிக் கூவிச் சொன்ன வாய்கள் ஏன் இங்கே மூடிக்கொண்டன?

'பைத்திய மெஷின்.'

நன்றி, காளியாயி அத்தை. மைக்கே இல்லாமல் ஆக்ரா ஓயா ஆறு வரைக்கும் கேட்டது.

கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கரண்டு வைக்கிறார்களாம். மண்டையிலே கரண்டு வைத்து ஞாபகத்தை உறிஞ்சுகிறார்களாம். நம் லயத்துக்கு ஒழுங்காகக் கரண்டு வந்து எத்தனை காலம் ஆயிற்று? மழை தூறினால் போகிறது, மாடு உரசினால் போகிறது, தலைவர் ஐயா தும்மினால் போகிறது. விளக்குக்கே வராத கரண்டு வீரம்மாவின் மண்டைக்கு எங்கிருந்து வரும்?

வீரம்மா யார் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் கேட்கலாம். மூன்றாவது வரிசையிலே, காளியாயி அத்தைக்குப் பக்கத்திலே, 'இவன் ஏன் என் பெயரைச் சொல்கிறான்' என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். என்னைப் பெற்றவர். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று இன்று காலை கேட்டேன். "சொல்லித் தொல. ஆனா நா அழுததச் சொல்லாத" என்றார். ஆகவே அதைச் சொல்லப் போவதில்லை.

அன்பர்களே, மலைக்கு மழை வந்தது. மழைக்கு மண் வந்தது. மண்ணுக்கு மீனம்மா சித்தி போனார். மேட்டு லயத்திலே எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர். எங்கள் பக்கம் நின்றது, அந்தப் பக்கம் சரிந்தது. அன்று அம்மா மலையிலே தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து பார்த்தபோது சித்தியின் அடுப்பு இருந்த இடத்திலே சிவப்புச் சேறு இருந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மழைத்துளி விழுந்தால் அம்மா கொழுந்தை விட்டுவிட்டு ஓடுவார். லயம் நிற்கிறதா என்று பார்க்க ஓடுவார். நின்றால் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி மலையேறுவார். அடுத்த துளி விழுந்தால் அடுத்த ஓட்டம். மழை என்றாவது ஒருநாள் வருகிற ஊராக இருந்தால் பரவாயில்லை. நம்முடையது வெயில் வந்தால் வெளியே வந்து வேடிக்கை பார்க்கிற ஊர். நிறுவை குறைந்தது. கங்காணி கத்தினார். அரைப்பேர் விழுந்தது. அரை நாள் கூலிதான் அரைப்பேர். ஆனால் அந்தச் சொல்லைக் கேளுங்கள், ஒரு மனுஷிக்கு அரைப்பேர்.

நாம் என்ன செய்தோம்? செய்யாததுதான் என்ன? பேய் என்றோம், எலுமிச்சம்பழம் அறுத்தோம். பில்லி என்றோம், வேப்பிலை அடித்தோம். தோட்டத்து டிஸ்பென்சரியிலே வெள்ளை வில்லை கொடுத்தார்கள். காய்ச்சலுக்கும் வெள்ளை வில்லை, கால் சுளுக்குக்கும் வெள்ளை வில்லை, காணாமல் போன மாட்டுக்குக் கேட்டாலும் வெள்ளை வில்லை. கும்பிட்டோம், திட்டினோம், கோபித்தோம், சிரித்தோம். 'உனக்கு என்ன செய்கிறது' என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது குணபூசணி மிஸ். "நெஞ்சு படபடக்கேக்கை எங்க நோகுது, வீரம்மா?" என்று கேட்டார். அம்மா பிடரியைத் தொட்டுக் காட்டி, "கழுத்துங்கம்மா" என்றார்.

இப்போது அந்தக் கருவி என்ன செய்கிறது என்று சொல்கிறேன். ஒரு தடவை சொல்கிறேன், ஒழுங்காகக் கேளுங்கள், இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்துவிட்டது. மூளை சும்மா இருப்பதில்லை. ஓயாமல் மிகமிகச் சின்னஞ்சிறு மின் அலைகளை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. காதிலே ஒரு கவ்வி, உச்சந்தலையிலே பசை தடவி ஒரு சின்னப் பொத்தான். அந்தப் பொத்தான் எதையும் உள்ளே அனுப்பாது. உள்ளே நடப்பதைக் கேட்கும், அவ்வளவுதான். கேட்டதைக் கணினித் திரையிலே காட்டும். திரையிலே ஒரு குளம், குளத்திலே ஒரு வள்ளம். மனம் அமைதிப்பட்டால் வள்ளம் போகும். மனம் பதறினால் பனி வந்து மூடும், வள்ளம் நிற்கும்.

கண்ணாடி இல்லாமல் நேராக வகிடு எடுக்க முடியுமா, தாய்மார்களே? கோணும். கண்ணாடி முன்னால் நின்று பழகினால் கை கற்றுக்கொள்ளும். அப்புறம் கண்ணாடி தேவையில்லை. மனதுக்கு அது ஒரு கண்ணாடி. மந்திரமா? இல்லை. மிஸ்ஸே சொன்னார்: "எல்லாருக்கும் சரிவரும் எண்டு நான் சொல்லமாட்டன். மருந்து எடுக்கிற ஆக்கள் மருந்தை விடவும் கூடாது. பழகிப் பாப்பம்." பேயோட்ட வந்தவர்களிலே யாராவது இத்தனை நேர்மையாகப் பேசினார்களா? சேவலையும் வாங்கிக்கொண்டு உத்தரவாதமும் அல்லவா கொடுத்தார்கள்?

முதலிலே பொத்தானை வைத்துப் பார்த்தது என் தலையிலே. அம்மாவின் பயத்தைப் போக்க நானே உட்கார்ந்தேன். வள்ளம் நாலு திசைக்கும் சுழன்று பனிக்குள்ளே போய் ஒளிந்துகொண்டது. "தம்பி, உம்மட மூளை ஒரு நிமிசம் எண்டாலும் சும்மா இருக்காதோ?" என்று மிஸ் கேட்டார். அதிபர் சேர், சிரிக்காதீர்கள். அதே கேள்வியை நீங்கள் வேறு சொற்களிலே பிரம்போடு கேட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் அம்மா உட்கார்ந்தார். முதல் சங்கடம் எண்ணெய். நம் தாய்மார் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயிலே வெளிநாட்டுப் பசை என்ன, உள்நாட்டுச் சீமெந்தே ஒட்டாது. பொத்தான் வழுக்கி வழுக்கி மடியிலே விழுந்தது. அடுத்த முறை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். ஒட்டியது.

ஒட்டிய பிறகுதான் உண்மையான சங்கடம். அம்மா பல்லைக் கடித்தார். கண்ணை உருட்டினார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார். பனி மூடியது. இன்னும் தள்ளினார். இன்னும் மூடியது.

"ஏன் பல்லைக் கடிக்கிறியள்? நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா இருங்கோ."

"சும்மா இருந்தா எப்புடிங்கம்மா வரும்? கங்காணி பாத்தா வைய மாட்டாரா?"

"இஞ்ச கங்காணி இல்லை, வீரம்மா."

"சரிங்கம்மா." கொஞ்ச நேரம் கழித்து, மெல்ல, "எத்தன கிலோ வந்துருக்குங்கம்மா?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியிலேதான் சிரிப்பு நின்றது. பிறந்ததிலிருந்து ஒரு மனுஷி தராசுக்கு முன்னால் மட்டுமே நின்றிருந்தால், எதைக் கண்டாலும் எத்தனை கிலோ என்றுதானே கேட்பார்? சும்மா இருப்பதற்கு இந்த மலையிலே யார் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்? சும்மா இருந்தால் அரைப்பேர். சும்மா இருந்தால் வசவு. சும்மா இருந்தால் சோம்பேறி. நம் தாய்மாருக்குத் தெரியாத ஒரே வேலை, சும்மா இருக்கிற வேலை.

வாரங்கள் போயின. மிஸ்ஸும் விடவில்லை, அம்மாவும் விடவில்லை, பனியும் விடவில்லை. பொத்தானை உச்சியிலே வைத்தவுடனே அம்மாவின் கழுத்து இறுகும். முதுகு முன்னுக்குச் சாயும். கை இரண்டும் தாமாக முன்னுக்கு வரும். "கழுத்துத் தசை இப்பிடி இறுகினா மெசினுக்கு ஒண்டுமே கேக்காது. ஏன் இறுகுது எண்டு எனக்கு விளங்கேல்லை" என்று மிஸ் களைத்துப்போய்ச் சொன்னார்.

எனக்கும் விளங்கவில்லை, அன்பர்களே. நான் ஒன்றும் ஞானி இல்லை. ஆலைச் சங்கைப் போல வாயாலேயே ஊதி மலையிலிருந்த பாதிப் பேரை வேலை முடியுமுன்னே இறக்கிவிட்டவன் என்ற ஒரே புகழுக்குரியவன். சலிப்பாக இருந்தது. சலித்தால் எனக்குக் குறும்பு வரும். பின்னாலிருந்து அம்மாவைப் பார்த்தேன். சாய்ந்த முதுகு, நீண்ட கழுத்து, முன்னால் இரண்டு கை. தலைக்கயிற்றிலே கூடை முதுகில் தொங்க, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து வரிசையிலே நிற்கிற அதே தோற்றம். நாற்காலிக்குப் பின்னால் போனேன். இல்லாத கூடையின் அடியிலே இரண்டு கையையும் கொடுத்தேன். "ம்ம்... தூக்கிட்டேன். கயித்த எடும்மா" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அம்மா விளையாட்டாக எடுக்கவில்லை. தலையைக் குனிந்தார். இரண்டு கையும் உச்சிக்குப் போய், பொத்தானுக்கு ஒரு விரற்கடை தள்ளி, இல்லாத கயிற்றைப் பிடித்துப் பின்னால் தள்ளின. "மெதுவா வையிடா, கொழுந்து நசுங்கிறப் போவுது" என்றார். வைத்தேன். அம்மா மூச்சு விட்டார். அப்படி ஒரு மூச்சை நான் அதுவரை கேட்டதில்லை. தோள் இறங்கியது. கழுத்து இறங்கியது.

மிஸ் திரையைக் காட்டினார். பனி விலகி, வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

கூடைக் கயிறு விழுகிற இடமும் பொத்தான் வைக்கிற இடமும் ஒன்றே. பிள்ளைப்பருவம் தாண்டியதிலிருந்து அந்த இடத்திலே ஏதாவது பட்டால் கழுத்து சுமக்கத் தயாராகிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கினாலும் கூடை இறங்குவதில்லை. சோறு ஆக்கும்போதும் கூடை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் கூடை. படுத்தாலும் கூடை. அதன்மேல் மீனம்மா சித்தியையும் மழையையும் சேர்த்துச் சுமந்தால் கழுத்து என்ன ஆகும்?

இப்போது மழை வந்தால் அம்மா முதலிலே நிற்கிறார். தலையைக் குனிந்து, மனதுக்குள்ளேயே கயிற்றை எடுக்கிறார். மூச்சு விடுகிறார். பிறகு பெரும்பாலும் கொழுந்து எடுக்கிறார். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் கூடப் பாதி வழி ஓடினார். ஆனால் பாதி வழியிலே நின்று திரும்பினார். அந்தத் திரும்பல் உங்களுக்குச் சின்ன விஷயம். எனக்கு அது சிவனொளிபாத மலையை விட உயரம்.

இந்த நேரத்திலேதான் கமிட்டி கூடியது. கூடிக் கலந்து, கலந்து குழம்பி, குழம்பி ஒரு தீர்மானம் போட்டது. பிள்ளைக் காம்பராவை கேரம் விளையாட எடுக்கப் போகிறார்கள். காரணம் கேட்டால், "பைத்தியம் வந்து போற எடம்னு தோட்டத்துக்கே பேர் கெடுது தம்பி, நாளைக்கு நம்ம புள்ளைங்களப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?" என்கிறார்கள். அம்மாவைத் தவிர வேறு எவரும் வராததால் தொண்டர்களும் சரி என்றுவிட்டார்கள். திங்கட்கிழமை வேன் வருகிறது. கருவி ஹட்டனுக்கு. மிஸ் ஹட்டனுக்கு. கொழுந்தை விட்டுவிட்டு வாராவாரம் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போக அம்மாவால் முடியுமா? முடியாது. பாதி வழியிலே திரும்பக் கற்றவர் பாதி வழியிலேயே நிற்பார்.

தலைவர் ஐயா, மூக்கன் அண்ணனுக்கு நீங்கள் காட்டும் சைகை எனக்கும் தெரிகிறது. அண்ணே, மைக்கை நிறுத்தினால் நிறுத்துங்கள். ஆலைச் சங்கையே தோற்கடித்த தொண்டை இது.

வேறு எவரும் வரவில்லையா? வரவில்லை. ஏன், வேறு எவருக்கும் எதுவும் இல்லையா? நெஞ்சு படபடத்து நடுமலையிலே உட்காருகிறவர்கள் இந்தக் கூட்டத்திலே இல்லையா? பிள்ளை கொழும்புக் கடைக்குப் போன நாளிலிருந்து தனக்குத்தானே பேசுகிறவர்கள் இல்லையா? மாலையானால் கசிப்பு இல்லாமல் கை நடுங்குகிறவர்கள் இல்லையா? கசிப்பைக் குடித்துச் சாக்கடைக் கானுக்குள்ளே கிடந்தால் ஆம்பிளை, கண்ணை மூடி நாற்காலியிலே அமர்ந்தால் பைத்தியமா? எந்த ஊர் நியாயம் இது? யாரிடம் போய்ச் சொல்வது இதை?

தாய்மார்களே, ஒரு காரியம் செய்யுங்கள். இது குறும்பு இல்லை, சத்தியமாக இல்லை. கையைத் தூக்கி உச்சந்தலையைத் தொடுங்கள். கயிறு விழுகிற இடத்தை. முடி மெலிந்து, தோல் தடித்து, வகிட்டுக்குக் குறுக்கே இன்னொரு வகிடாய் ஒரு தடம் இருக்கிறதே, அதை. இருக்கிறதா? எல்லாருக்கும் இருக்கிறதா?

நிறைந்த கூடையைத் தனியே இறக்குகிறவர் யார்? மடுவத்துக்கு வந்தால் பின்னால் நிற்கிறவர் அடியிலே கை கொடுக்கிறார், முன்னால் நிற்கிறவர் கயிற்றை எடுக்கிறார். இவர் கூடையை அவர், அவர் கூடையை இவர். சண்டைக்காரியாக இருந்தாலும் அந்த இடத்திலே கை கொடுப்போம். குழாயடியிலே மயிரைப் பிடித்துக்கொண்டவர்கள் கூட மடுவத்திலே கூடையைப் பிடிப்பார்கள். கூடையை இறக்க ஒரு கை கேட்டவளை என்றைக்காவது பைத்தியம் என்றோமா? மண்டைக்கு வெளியே தொங்குகிற கூடைக்குக் கை கேட்டால் வழக்கம். மண்டைக்கு உள்ளே இருக்கிற கூடைக்குக் கை கேட்டால் மட்டும் வெட்கமா?

இன்னும் ஒன்று. இதைச் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லவில்லை, ஆகவே சொல்கிறேன். அம்மா பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்து, மடுவத்திலே அவர் கூடைக்கு ஒரு கையும் வருவதில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். அம்மா மண்டியிட்டு, பக்கவாட்டிலே சாய்ந்து, தானே இறக்குகிறார். ஒருநாள் நான் பார்த்தேன். பக்கத்து நிரையிலே கொழுந்து எடுக்கிறவர்கள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

என்ன சத்தம் அது?

மழை. தார்ப்பாயிலே விழுகிறது. இருங்கள், எழும்பாதீர்கள், தயவுசெய்து எல்லாரும் அவரவர் இடத்திலேயே இருங்கள். மூன்றாவது வரிசைக்காரர்கள் வழி விட வேண்டாம்.

அம்மா. இங்கே பாரும்மா. நா மேடையில நிக்கிறேன். எறங்கி வர நேரமாவும். கயித்த எடும்மா.

...

பெரியோர்களே, நீங்களே பாருங்கள். எழுந்து நிற்கிற என் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கை. இல்லாத கூடையின் அடியிலே இரண்டு கை. காளியாயி அத்தையின் கை.

என்ன அத்தை சொல்கிறீர்கள்? மழைச் சத்தத்திலே கேட்கவில்லை.

"புடிச்சுக்கிட்டேன்டி வீரம்மா, நீ கயித்த எடு" என்கிறார்.

அம்மா உட்கார்ந்துவிட்டார். கூடை இறங்கிவிட்டது.

தலைவர் ஐயா, பிள்ளைக் காம்பராவின் சாவி உங்கள் சட்டைப் பையிலே. திங்கட்கிழமை வேன்காரரிடம் என்ன சொல்வது என்பதை என்னைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நான் குறும்புக்காரன். அந்த மூன்றாவது வரிசையைப் பாருங்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், தெரிகிறது. கேரம் பலகையை என் வீட்டிலே போடுங்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றித் தருவார்.

ம்? காளியாயி அத்தை இன்னும் ஏதோ கேட்கிறார். மூக்கன் அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

'எண்ணெ வெக்காமத்தான் வரணுமா?' என்று கேட்கிறார்.

ஆமாம் அத்தை. எண்ணெய் வைக்காமல், சீயக்காய் தேய்த்துவிட்டு வர வேண்டும். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலையின் பெருமையைப் பேச அழைத்து, பேசாததைப் பொறுத்த தலைவருக்கும், பிரம்பைக் கொண்டுவர மறந்த அதிபருக்கும், மைக்கை அணைக்காத அண்ணனுக்கும், பின் வரிசையிலே குடை பிடிக்காமல் நனைந்துகொண்டிருக்கும் குணபூசணி மிஸ்ஸுக்கும், நீட்டிய கைக்கும், இனி நீளப்போகிற கைகளுக்கும் நன்றி. நனையாமல் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.